மொஸுவின் நின்டொக்கு

சக்காய், மொஸு
1950 நவம்பர் 16

ஓரியேவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. தனபே மலையடிவாரம் ஆயிற்றே, அங்கே இன்னும் கூடுதலாக இருக்கும். அண்ணனும் அண்ணியும் சுகம்தானே?

நீ வந்து சேர்ந்துவிட்டதாக அண்ணன் அடித்த தந்தி நேற்றுத்தான் வந்தது. அதுவரை உன்னை வகயாமாவில் தேடிக்கொண்டிருந்தேன். அத்தையின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குப் போனவள் வீடு திரும்பாமல், மூன்று ரயில் மாறி அண்ணன் வீட்டுக்குப் போவாள் என்று யாருக்குத் தோன்றும்? கடைசியில் டோஃபுக்கடைக் குமாஜிதான் வாயைத் திறந்தான்.

"வந்தாங்களே. கையில ஆரஞ்சுக் கூடையோட வந்து, வாசத் திரையைத் தூக்கி உள்ள பாத்தாங்க. அப்புறம் கூடையை என் கடையில வச்சிட்டு, 'இதை அவர்கிட்டக் குடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பிட்டாங்க."

"ஏன்டா அப்பவே சொல்லலை?"

"ராஜா வீட்டு விவகாரம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

நம் குளியல் கூடத்து மேடையில், உன் இடத்தில், மினே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தானே போனாய்? அவளை உனக்குத் தெரியும். துறைமுகத்து மீனவன் பெண்டாட்டி. செப்டம்பரில் அடித்த ஜேன் புயல் அவள் புருஷனைப் படகோடு கொண்டுபோயிற்று. கைக்குழந்தையோடு கோயில் கூடத்தில் படுத்திருந்தாள். நீ ஊருக்குப் போன மறுநாள் கோயில்காரர்கள் கூடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்ன வேலை செய்ய முடியும்? வாசல் மேடையில் உட்கார்ந்து காசு வாங்கி, ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் இரண்டையும் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் முடியும். உட்கார வைத்தேன். மாடியில் சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தேன். உன் அலமாரி இப்போது நடையில் இருக்கிறது, ஒரு கீறல் விழவில்லை.

இதில் என்ன தப்பு? நீயாக இருந்தாலும் இதைத்தானே செய்திருப்பாய்?

புயலன்று சாயங்காலம் நான் கூரையில் ஏறிப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். துறைமுகப் பக்கம் ஒரு வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் ஞாபகம் வந்தது. நின்டொக்கு பேரரசரும் இப்படித்தானே உயரத்தில் ஏறிப் பார்த்தார்? ஊரில் புகை இல்லை என்று கண்டு, மூன்று வருஷம் வரி வேண்டாம் என்றார். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஜனங்கள் அதைச் சொல்கிறார்கள். அவர் சமாதிக்கு எதிரே குளியல் கூடம் நடத்துகிறவன், வெள்ளத்தில் நனைந்து வந்தவர்களிடம் காசு கேட்கலாமா? அவர்கள் வீட்டில் புகை எழும்பும்வரை இலவசம் என்று எழுதி ஒட்டினேன். இப்போது தெருவில் என்னை 'மொஸுவின் நின்டொக்கு' என்கிறார்கள். கேலிதான், ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கோபம் தணிந்ததும் வா. ஆரஞ்சு இனிப்பாக இருந்தது.

யசுகிச்சி


தனபே
1950 நவம்பர் 27

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அண்ணி இந்த வருஷத்து முள்ளங்கியை ஊறுகாய் போட்டிருக்கிறாள், ஒரு சாடி உங்களுக்கு அனுப்பச் சொன்னாள். பெரிய கல்லை மேலே வைத்து அழுத்துங்கள், சின்னக் கல் போதாது.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவளைக் கீழே இறக்கிவிடாதீர்கள். குழந்தைக்குப் பல் முளைக்கும் வயது. அலமாரியின் கீழ்த் தட்டில் பழைய பருத்தித் துணி மடித்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீயாக இருந்தாலும் இதைத்தானே செய்திருப்பாய் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், செய்திருப்பேன். நீங்கள் கேட்டிருந்தால், மேடையில் நான் உட்காரும் மெத்தையை நானே உதறிப் போட்டு அவளை உட்கார வைத்திருப்பேன்.

புயலன்று இலவசம் என்று நீங்கள் எழுதி ஒட்டினீர்கள். தெருவில் கூட்டம் கூடி அதைப் படித்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றுதான் படித்தேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் தங்கமானவரு, உங்களுக்குப் பெருமையா இருக்குமே" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. அதற்கடுத்த விடியற்காலை எழுந்து, விறகு பிளந்து, தொட்டி தேய்த்து, ஊரே குளித்துவிட்டுப் போன அழுக்கை வாரிக் கொட்டியபோதும் பெருமையாகத்தான் இருந்தது. கை வெடித்தது, அது வேறு.

உங்களுக்கு இரக்கம் வந்தால் அது மின்னல் மாதிரி வரும். அந்த வெளிச்சத்தில் தூரத்து வீடெல்லாம் தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவள் கண் கூசி நிற்பது தெரியாது. இருபது வருஷமாக எனக்கு அது பழக்கம்தான். ஆனால் அந்த மேடை நான் உட்கார்ந்த இடம். திரையைத் தூக்கிப் பார்த்தபோது, என் வீட்டு வாசலில் நான் குளிக்க வந்த ஆள் மாதிரி நின்றேன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் திரும்பிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். புயலில் ஒதுங்கிய மரத்தை எரிக்காதீர்கள். கடல் தண்ணீர் குடித்த மரம் பாய்லரை அரித்துவிடும். முன்பே சொன்னேன். ஓசியில் கிடைக்கிற விறகு என்றீர்கள்.

குளிரில் கழுத்துத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஓரியே


சக்காய், மொஸு
1951 ஜனவரி 8

ஓரியேவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நீ இல்லாத முதல் புத்தாண்டு. மோச்சிக்கு அரிசி இடிக்கக் குமாஜி வந்தான். அவன் இடிக்க, மினே மாவைத் திருப்பிப் போட்டாள். குழந்தை சயோவுக்கு மேலே இரண்டு பல் வந்துவிட்டது. உன் துணிகளைக் கொடுத்தேன். மினே அவற்றைத் தலைமேல் வைத்துக் கும்பிட்டாள்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்துவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். நம் வாசலில் நிற்க வைத்து, பின்னால் சமாதிக் காடு தெரியும்படி படம் எடுத்தார். "இலவசம்னு முடிவெடுத்தப்போ மனசுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். நான் நின்டொக்கு கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"போர் முடிஞ்சதும் அந்தக் கதையெல்லாம் பாடப் புத்தகத்துல மை பூசி அடிக்கச் சொல்லிட்டாங்களே. நானே ஒரு பையன் பூசினதைப் பாத்திருக்கேன்."

அதற்குக் குமாஜி, "மையைப் புத்தகத்துலதான பூசினாங்க. இந்த ஊர்ல அதை யாரும் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை சார்" என்றான். அவனுக்கு இவ்வளவு அறிவு உண்டென்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

உண்மைதானே. 1945இல் சக்காய் எரிந்தது, ஊரே சாம்பல். அந்தச் சமாதிக் காடும் அதைச் சுற்றிய மூன்று அகழியும் மட்டும் அப்படியே நின்றன. அரண்மனை கட்டினவர்கள், படையெடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், யார் பெயரும் எங்களுக்குத் தெரியாது. வரி வேண்டாம் என்றவர் பெயர் நிற்கிறது. நல்ல பெயர் என்றால் அதுதான் ஓரியே. கல்லில் வெட்டினதல்ல, ஜனங்கள் வாயில் இருக்கிறது.

பாய்லர் அடியில் கசிகிறது. நீ சொன்னது சரி. இப்போதைக்குக் களிமண் அப்பி வைத்திருக்கிறேன்.

பெண்கள் பக்கத்தில் உன்னைக் கேட்காத ஆள் இல்லை. அண்ணனின் தேயிலை வியாபாரம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். "எப்ப வருவாங்க?" என்கிறார்கள். எப்போது வருவாய்?

மோச்சி அனுப்பியிருக்கிறேன். காய்ந்து போயிருந்தால் ஊறவைத்துச் சுடு.

யசுகிச்சி


தனபே
1951 பிப்ரவரி 19

வீட்டுக்காரருக்கு,

மோச்சி வந்தது. கல் மாதிரி இருந்தது. ஊறவைத்துச் சுட்டோம், நன்றாக இருந்தது. பத்திரிகையில் வந்த உங்கள் படத்தை அண்ணன் வெட்டி வைத்திருக்கிறார். படத்தில் கழுத்துத் துணியைக் காணோம்.

இந்தப் பக்கத்திலும் உங்கள் ராஜாவைத் தெரியும். ஆனால் வேறு மாதிரித் தெரியும். இங்கே அவரைப் பட்டத்து ராணியின் புருஷனாகத்தான் தெரியும். ராணி இவானோஹிமே சடங்குக்கு இலை பறிக்கக் கீ நாட்டுக்கு, அதாவது வகயாமாப் பக்கம், போயிருந்த சமயம், அவர் அரண்மனைக்குள் இன்னொரு ராஜகுமாரியைக் கொண்டுவந்துவிட்டார். கேள்விப்பட்ட ராணி இலைகளையெல்லாம் கடலில் கொட்டிவிட்டு, அரண்மனைத் துறையில் இறங்காமலே ஆற்றோடு ஏறி இந்த ஊர்ப் பக்கம் வந்து தங்கிவிட்டாள். ராஜா தேடி வந்தார். வாசலில் நின்று கூப்பிட்டார். அவள் பார்க்கவில்லை.

அண்ணன் சொல்கிறார்: "சக்காய்க்காரங்களுக்கு அவரு மகாராஜா. எங்களுக்கு வாசலோட திரும்பிப் போன மாப்பிள்ளை." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "உன்னைச் சொல்லலைம்மா" என்றார். அண்ணி அவர் தட்டில் ஒரு கரண்டி சோற்றைப் போட்டு வாயை அடைத்தாள்.

குமாஜியும் தெருவில் இதைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. மினே ராஜகுமாரி அல்ல, நீங்கள் அவளை அப்படி நினைக்கிற ஆளும் அல்ல. இருபது வருஷத்தில் அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அப்படி இருந்திருந்தால் என் கோபத்தை ஊரே புரிந்துகொண்டிருக்கும். நல்லது செய்த புருஷன்மேல் கோபித்துக்கொண்டு போனவளை யார் புரிந்துகொள்வார்கள்?

அண்ணனிடம் பழைய சரித்திரப் புத்தகம் ஒன்று இருக்கிறது. புகைக் கதை அதிலும் இருக்கிறது. ஆனால் நாம் பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒரு துண்டும் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து ராஜா மேலே ஏறிப் பார்த்து, எங்கும் புகை எழுவதைக் கண்டு, "நாம் இப்போது செல்வந்தர்கள்" என்று ராணியிடம் சொல்கிறார். ராணி கேட்கிறாள், "மதில் இடிந்து கிடக்கிறது, கூரை ஒழுகித் துணியெல்லாம் நனைகிறது, எதைச் செல்வம் என்கிறீர்கள்?" ஜனங்கள் செல்வமே தன் செல்வம் என்று ராஜா பதில் சொல்கிறார்.

அழகான பதில். நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருஷமும் ஒழுகின கூரைக்கடியில் அவளும்தானே படுத்திருந்தாள்? இலவசம் என்றதில் பாதி அவள் கொடுத்தது. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

களிமண் நிற்காது. பாய்லரை முழுக்க ஆறவிட்டு, ஆள் வைத்துப் பற்றவையுங்கள்.

சயோவுக்கு நடை வந்ததா?

ஓரியே


சக்காய், மொஸு
1951 ஏப்ரல் 14

ஓரியேவுக்கு,

இந்த மாதம் மூன்றாம் தேதி நான் அங்கே வந்தேன் என்பது உனக்குத் தெரியும். தெரியாது என்று அண்ணன் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர், காது சிவந்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் நல்ல தேநீர் கொடுத்தார். "ஓரியே வேலையா இருக்கா" என்றார். எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏதேதோ பேசினேன். கொட்டகைப் பக்கம் யாரோ வைக்கோலை உருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பேசும்போது அந்தச் சத்தம் நின்றது. பேச்சை நிறுத்தினால் மறுபடி கேட்டது. நீதான் என்று தெரிந்துகொண்டேன். போய்க் கொட்டகைக் கதவைத் திறந்திருக்கலாம். உன் கடிதத்தில் அந்த ராஜா வாசலில் நின்றதைப் படித்திருந்தேன் அல்லவா, காலை எடுத்து வைக்க வெட்கமாக இருந்தது.

ரயிலில் திரும்பும்போது கோபம் வந்தது, மறைக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு முகம் காட்டக் கூடாதா என்று. வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழிந்து காயப்போட்டேன். அப்போதும் கோபம்தான். அடுத்த நாள் எழுந்து விறகு பிளந்தேன். நீ போனதிலிருந்து நான்தான் பிளக்கிறேன். கை வெடித்திருக்கிறது. பகல் முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. பாய்லர் சரியாகிவிட்டது. போன வாரம் வெள்ளம் பாதித்தவர்களெல்லாம் தாங்களாகவே வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. கத்திப் பட்டறைக்காரர்கள், சைக்கிள் பட்டறைக்காரர்கள் எல்லோரும் வந்து பாய்லரைக் கழற்றித் தகடு மாற்றினார்கள். பெண்கள் தொட்டியின் ஓடுகளைத் தேய்த்தார்கள். நின்டொக்குவின் அரண்மனையை ஜனங்கள் கேட்காமலே வந்து கட்டிக்கொடுத்தார்களாமே, அந்த மாதிரி. நான் ஒரு மூலையில் நின்று அழுதேன். அழும்போது கூட்டத்தில் உன்னைத் தேடினேன். நீ பார்க்க வேண்டிய நாள் அது.

சயோ நடக்கிறாள். நடையில் உன் அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள்.

யசுகிச்சி


தனபே
1951 மே 22

வீட்டுக்காரருக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். தேயிலை பறிக்கும் பருவம், பேனாவைத் தொட நேரமில்லை. இலையை ஆவியில் வேகவைக்கும் இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு வருஷம் வெந்நீரோடு இருந்தவளுக்கு ஆவி பழகின பிராணி மாதிரி. வேலை பிடித்திருக்கிறது.

ஆமாம், நான் கொட்டகையில்தான் இருந்தேன். செடிகளுக்கு நிழல் போட வைக்கோல் பாய் பின்னிக்கொண்டிருந்தேன். நீங்கள் தொட்டியில் தூங்கிப்போன சாமியார் கதையை அண்ணனிடம் சொன்னீர்கள். அதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்திருந்தால் உங்கள் நனைந்த சட்டையைப் பார்த்திருப்பேன். உலர்த்தித் தருகிறேன் என்று வாங்கியிருப்பேன். அதைக் கொடுக்க ஸ்டேஷன்வரை வந்திருப்பேன். அப்புறம் ரயிலில் ஏறியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமலே எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அதற்குப் பயந்துதான் வரவில்லை. உங்கள்மேல் வெறுப்பினால் அல்ல.

பறிப்பு முடிந்ததும் அண்ணியும் நானும் மின்ரயில் ஏறி நாராப் பக்கம் போனோம். ராணி இவானோஹிமேவின் சமாதி அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா? அவர் இருப்பது சக்காயில், அவள் இருப்பது நாராவில். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அங்கே வரவில்லை. நாங்கள் இருவரும்தான்.

"அவருக்கு மூணு அகழி, சுத்திவரவே அரை நாள் ஆகும்னு சொல்வியே. இது இத்தனூண்டு இருக்கே" என்றாள் அண்ணி.

"தண்ணி சுத்தமா இருக்கே அண்ணி."

"பூவும் இருக்கு. அதை விடு, ஒரே ஊர்லகூடப் படுக்கலையே ரெண்டு பேரும். யாராவது ஒருத்தர் எறங்கி வந்திருக்கக் கூடாதா?"

அகழிக் கரை முழுக்க ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். எனக்கு ராணியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் அவ்வளவு நல்லவர். அவள் அவ்வளவு ரோஷக்காரி. இரண்டும் நிஜம்தான். அவர் வாசலில் நின்று பாட்டாகப் பாடினாராம். "நான் செய்தது உனக்கு எப்படி இருந்தது?" என்று உரைநடையில் ஒரு வாக்கியம் கேட்டதாக எங்கேயும் இல்லை.

நான் ராணி அல்ல. நீங்களும், தெருவில் என்ன சொன்னாலும், ராஜா அல்ல. நாம் செத்தால் அகழி வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதனால் நமக்கு இவ்வளவு பெரிய பிடிவாதம் கட்டுப்படியாகாது என்று திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

பாய்லர் சரியானதில் மகிழ்ச்சி. நீங்கள் அழுததை அண்ணனிடம் சொல்லவில்லை.

வெடிப்புக்கு எண்ணெய் போதாது. குதிரைக் கொழுப்புத் தைலம் மேடைக்குக் கீழே தகர டப்பாவில் இருக்கிறது.

ஓரியே


சக்காய், மொஸு
1951 ஜூன் 4

ஓரியேவுக்கு,

தைலம் கிடைத்தது. கை ஆறிவருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேட்டைச் சங்கத்தார் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குத் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு போனேன், இடுப்பில் பிடித்தது. தலைவர் நீளமாகப் பேசினார். அந்தக் காலத்தில் நின்டொக்கு, இந்தக் காலத்தில் யசுகிச்சி என்றார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அப்போது பின்னாலிருந்து குமாஜி குரல் கொடுத்தான்.

"ராஜா சரி, ராணி எங்கய்யா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்திரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காட்டுவதற்கு ஆள் இல்லை. மினேயிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்க்காமல், மேடையிலிருந்து இறங்கி என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அக்கா வாசல்ல வந்தப்போ என்னைப் பாத்தாங்க. நான் எந்திரிக்கப் போனேன். 'உக்காரும்மா'ன்னாங்க. 'அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவைச் சாத்திக்க, குழந்தைக்குக் குளிர் அடிக்கும்'னு சொல்லிட்டுத் தலை குனிஞ்சு வணங்கிட்டுப் போனாங்க. என்னை வணங்கினாங்கண்ணே. நான் வெளிய சொல்லலை. சொன்னா நீங்க என்னை எறக்கிவிட்டுட்டு அக்காவைக் கூட்டிட்டு வந்துடுவீங்களோன்னு பயம்."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டேன். இப்ப ஏன் சொல்ற?"

"உங்களுக்குக் குடுத்த பத்திரத்துல அக்கா பேரு இருக்கான்னு கேக்கத்தான் இறங்கி வந்தேன். இருக்காண்ணே?"

பார்த்தேன். இல்லை.

ஓரியே, இதை நீ எனக்கு எழுதவே இல்லையே. அவளை வணங்கிவிட்டுப் போனதை ஒரு கடிதத்திலும் சொல்லவில்லையே. நான் செய்த நல்லதெல்லாம் ஊருக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. நீ செய்தது அந்தப் பெண்ணின் பயத்துக்குள் இவ்வளவு காலம் கிடந்திருக்கிறது.

நேற்றுத் தலைவர் மறுபடி வந்தார். முதியவர்களுக்கு வாரம் ஒருநாள் இலவசம் என்று அறிவிக்கலாமா என்று கேட்டார். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"நின்டொக்கு யாரைக் கேக்கணும்?" என்று அவர் சிரித்தார்.

"அவரு கேக்கலை. அதான் அந்தம்மா நாராவுல இருக்காங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஆகவே கேட்கிறேன். முதலில், முதியவர்களுக்கு ஒருநாள் இலவசம் கொடுக்கலாமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், காரணம் கேட்கமாட்டேன்.

அடுத்து, உனக்கு என்ன வேண்டும்? இதை எழுதிவிட்டு எனக்கே வியப்பாக இருக்கிறது. கூட வாழ்ந்த காலத்தில் இந்த வாக்கியத்தை உன்னிடம் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. திரும்பி வா என்று இந்தத் தடவை எழுதவில்லை. என்ன வேண்டும் என்று சொல். காத்திருக்கிறேன்.

யசுகிச்சி


தனபே
1951 ஜூன் 12

வீட்டுக்காரருக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உங்கள் கடிதத்தை ஈரம் படாமல் உள்ளே எடுத்து வந்து, அண்ணி தூங்கப் போனபிறகு படிக்கலாம் என்று வைத்திருந்தேன். பொறுக்கவில்லை, மதியமே படித்துவிட்டேன்.

முதியவர்களுக்கு ஒருநாள் கொடுங்கள். சனிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் வழுக்கி விழுவார்கள். வியாழக்கிழமை மதியம் நல்லது. அறிவிப்பில் உங்கள் பெயரோ என் பெயரோ வேண்டாம். குளியல் கூடத்தின் பெயர் போதும்.

மினே சொன்னதை நான் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. குழந்தை இருக்கிற இடத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்தச் சொல்வது கடிதத்தில் எழுதுகிற விஷயமா? அவளிடம் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். அந்த இடம் இப்போது அவளுடையது. நான் கொடுத்ததாகச் சொல்லுங்கள். இந்தத் தடவை நான் கொடுக்கிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். கேள்வி புதிது, பதில் கையில் தயாராக இல்லை.

இலையுதிர்காலத் தேயிலை முடியும்வரை எனக்கு இங்கே இருக்க வேண்டும். கோபத்தினால் அல்ல. இந்த வேலையை நானே தேடிக்கொண்டேன், பாதியில் விட மனம் வரவில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதை இப்போது என்னால் சொல்ல முடியாது. நாம் இருவரும் உட்கார்ந்து பேசிய பிறகுதான் தெரியும்.

பேசுவதற்கு நீங்கள் இங்கே வர வேண்டும். கூடத்துக்கு விடுமுறை நாளில் வாருங்கள். அடுத்த வாரம் அண்ணன் வயலில் நாற்று நடவு, ஆள் போதவில்லை. பழைய கால்சட்டை எடுத்து வாருங்கள், முழங்கால்வரை சேறு. குனிந்து குனிந்து உங்கள் இடுப்பு என்ன சொல்லும் என்று தெரியாது. இந்த முறை நான் கொட்டகையில் இருக்கமாட்டேன். உங்கள் பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் முதல் நடவுதான், கோணலாக இருந்தால் இருவரும் சேர்ந்து திட்டு வாங்கலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் உங்களை யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் வந்த படத்தை அண்ணன் தவிர யாரும் பார்க்கவில்லை. போன மாதம் தேயிலை வாங்க வந்த ஒருவர், "ஓரியேம்மா, உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டார். "வெந்நீர் போடுறாரு" என்றேன். "நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு இலையை முகர்ந்து பார்க்கப் போய்விட்டார்.

நீங்கள் வந்தால் வரப்பில் நிற்கிறவர்கள், "யாரது?" என்று கேட்பார்கள். "அவரா, நம்ம ஓரியேவோட வீட்டுக்காரரு" என்று அண்ணி சொல்வாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் பெயர் உங்களுக்குப் போதும் என்றால், வாருங்கள்.

ஓரியே